நூற்றுப் பன்னிரண்டாவது அடி

இன்வர்டோரன்
12 ஜனவரி 1965

பொது அறிவிப்பு

இதனால் சகலருக்கும், முக்கியமாக இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் ஒரு காலை மேலே கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் திரு. லாக்லன் மக்ரே அவர்களுக்கு அறிவிப்பது யாதெனில்: மேற்படியாரின் நாய் போசன், நேற்றுப் பிற்பகல் மூன்று மணி சுமாருக்குத் தபால் நிலைய வாசலில், கான்ஸ்டபிள் கில்லீஸின் இடது கையுறையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் முழுசாக விழுங்கியது. கையுறை வெளிவரும் வழியைக் காவல்துறை கவலையுடன் கண்காணித்து வருகிறது. வலது கையுறை துக்கம் அனுஷ்டிக்கிறது.

அன்புள்ள மாமா,

அரசாங்க வேலை முடிந்தது, இனி சொந்த வேலை. கால் எப்படி இருக்கிறது? தொடை எலும்பு ஒட்ட மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னாராம். உங்களுக்குக் கால் ஆண்டு, எனக்குக் காலாண்டுத் தேர்வு. இரண்டில் எது சீக்கிரம் தேறும் என்று பார்ப்போம். அம்மா சுகம். போசன் போஜனத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும்.

பத்திரிகை வந்து சேர்ந்ததா? நாலாம் பக்கம், கீழே, என் படம். தொப்பி கொஞ்சம் கோணல், முகம் வழக்கம்போல அழகு. "பதினாறு வயதுப் பையனின் மலை மூக்கு" என்று தலைப்பு; மலையையே மோப்பம் பிடிக்கிறேனாம். மீட்புக்குழுவின் ஒன்பது பேரும் உங்களை மேற்கு முகட்டின் தெற்குச் சரிவில் தேடுவது என்று முடிவுசெய்து கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "அங்க இல்ல, கரும்பள்ளத்துக்குப் போங்க" என்று சொன்னது யார்? "அந்தப் பள்ளத்துல எவன்டா போய் விழுவான்"னு கில்லீஸ் கேட்டார். "எங்க மாமா விழுவார்"னு சொன்னது யார்? பத்து மணிக்கு உங்கள் பனிக்கோடரியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், அடக்கம் கருதிச் சொல்லவில்லை.

மீட்புக்குழுத் தலைவரையே தேடிப் பிடித்த ஆள் என்பதால் ஊரில் எனக்கு இப்போது தனி மரியாதை. ரொட்டிக் கடையில் ஒரு பன் இலவசம்.

கால்மேல் கால் போடாமல் ஒழுங்காகப் படுத்திருக்கவும்.

அன்பு மருமகன்,
ருவரி


இன்வர்னஸ்
20 ஜனவரி

டேய் மூக்கா,

உன் படத்தைத் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "இது யாரு, காணாமப் போன பையனா?" என்று கேட்டாள். "இல்லம்மா, காணாமப் போனது நான்" என்றேன். நம்பவில்லை.

கால் சுகம். வலது பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பனி தின்றதுபோக மீதி எட்டு. இனிமேல் செருப்பு பாதி விலைக்குக் கொடுப்பார்களா என்று விசாரித்துச் சொல். உன் அம்மா அனுப்பிய ஓட்ஸ் ரொட்டி வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் பாதியைத் தின்றுவிட்டு, "உங்க அக்கா கை கொஞ்சம் உப்பு" என்கிறார். அக்காவிடம் சொல்லாதே.

ஒன்றை மறந்துவிடாதே. இந்த வருஷமும் நான்தான் ஜெயித்தேன். புத்தாண்டு அன்றைக்கு பென் லியா உச்சிக் கற்குவியலில் முதல் கரித்துண்டு வைத்தவன் லாக்லன் மக்ரே. சிவப்பு நூல் கட்டிய கரி. என் கையால் வைத்தேன். உன் நீல நூல் கரி உங்கள் வீட்டு அடுப்பிலேயே எரிந்திருக்கும். நம் ஊரில் புது வருஷத்தன்று வீட்டுக்கு வரும் முதல் விருந்தாளி கரி கொண்டுவருவதுபோல, ஆறு வருஷமாக அந்த மலைக்கு முதல் விருந்தாளி நான்தான். விழுந்தாலும் வைத்துவிட்டுத்தான் விழுந்தேன்.

சரி, கேலி போதும். ஒரு விஷயம் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். நான் கரும்பள்ளத்தில் இருப்பேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? மேற்கே இறங்குகிறவன் அங்கே போய் விழ வழியே இல்லையே. படுத்துக்கிடக்கிறவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

போசனைக் கட்டிப் போடு. கில்லீஸுக்கு இன்னும் தொப்பி இருக்கிறது.

மாமா


இன்வர்டோரன்
2 பிப்ரவரி

அன்புள்ள மாமா,

பதில் தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல. பனி தள்ளும் லாரியின் டிரைவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ரோடு எப்படித் திறக்கும்? தபால் வேன் நான்கு நாள் பாலத்தடியில் நின்றது. ஆகவே குற்றவாளி நீங்களே.

எட்டு விரல் போதும். ஆட்டுக்கு இரண்டுதான் இருக்கிறது, அது உங்களைவிட நன்றாக மலை ஏறுகிறது. வலி குறைந்திருக்கிறதா? ராத்திரி தூக்கம் வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உங்கள் வெற்றி உறுதியாகிவிட்டது. போன மாதம் ஆறாம் தேதி வானம் தெளிந்ததும் கில்லீஸும் பள்ளிக்கூட வாத்தியாரும் மேலே போய்ப் பார்த்தார்கள். உச்சிக் கற்குவியலின் மேல் சிவப்பு நூல் கரி இருந்ததாம். வாழ்க தலைவர்.

என் மூக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூக்கு என்றால் மூக்குதான் மாமா, அதற்கு மேல் விளக்கம் சொன்னால் சளிதான் வரும். மார்ச் கடைசிச் சனிக்கிழமை மீட்புக்குழுக் கூட்டத்தில் எனக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகிறார்கள். குழுவில் இளைய உறுப்பினராகவும் சேர்த்துக்கொள்வார்களாம். "வாழ்க்கையில முதல் தடவையா ஒரு காகிதத்துல உன் பேருக்குக் கீழ சிவப்பு மை இல்லாம இருக்கப் போகுது" என்றார் வாத்தியார்.

போசன் உங்கள் பழைய பூட்ஸின் மேல் தலை வைத்துத்தான் தூங்குகிறான்.

ருவரி


இன்வர்னஸ்
9 பிப்ரவரி

அன்புள்ள ருவரி,

இங்கே வலி பரவாயில்லை. காலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட எடையைக் குறைத்திருக்கிறார்கள். உன் இருமல் விட்டதா?

நேற்று கில்லீஸ் வந்திருந்தான். வாங்கி வந்த திராட்சையை அவனே தின்றுகொண்டு, சொல்லவா வேண்டாமா என்று அரை மணி நேரம் நெளிந்தான். கடைசியில் சொன்னான். "தப்பா எடுத்துக்காத லாக்லன். புது வருஷத்துக்கு முந்தின நாள் எல்லாரும்தான் ஊத்திக்கிறோம். நீயும் கொஞ்சம் கூடுதலா ஊத்திக்கிட்டு ஏறிட்டன்னு ஊர்ல பேச்சு. கரி உச்சியில இருக்கு. அங்கேருந்து மேற்க நடந்தா பள்ளம் வராது. வடமேற்கா நடந்தாத்தான் வரும். திசைகாட்டியக் கையில வச்சுக்கிட்டு அவ்வளவு தப்பாப் போறதுன்னா..." மீதியைத் திராட்சையோடு விழுங்கினான்.

ஒரே ஒரு மடக்கு, ருவரி. மறுநாள் மலை என்று தெரிந்து அதற்குமேல் நான் தொட்டதில்லை. உனக்குத் தெரியும், நீ எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய்.

நடந்ததைச் சொல்கிறேன். வடக்குத் தோள் வழியாக ஏறினேன். பாதியில் புயல் பிடித்தது. மேலே எல்லாம் ஒரே வெள்ளை; நீட்டிய கை தெரியவில்லை. உச்சி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டதுபோல இருந்தது. புது வருஷ உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன். கற்குவியலைத் தொட்டேன், கரியை வைத்தேன். வந்த வழியே திரும்பினால் வடக்குக் காற்று முகத்தில் அறையும். அதனால் எப்போதும்போல மேற்கு. உச்சியிலிருந்து நேர் மேற்கே இருநூறு அடி, பிறகு முகட்டில் இறக்கம். திசைகாட்டியை மூன்று தடவை பார்த்தேன். சத்தம் போட்டு எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு என்றபோது காலடியில் பனி விளிம்பு உடைந்தது.

எனக்கு ஒரு உதவி செய். நல்ல வெயில் நாளாகப் பார்த்து மேலே போ. கற்குவியலிலிருந்து மேற்கே நூற்றுப் பன்னிரண்டு அடி எண்ணி நட. அங்கே என்ன இருக்கிறது என்று எழுது. வேறு யாரையும் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமா


இன்வர்டோரன்
1 மார்ச்

அன்புள்ள மாமா,

நலமா? தேர்வு, பனி, போசனின் வயிற்றுப்போக்கு என்று வரிசையாக வந்ததால் எழுத முடியவில்லை. கையுறை இன்னும் தலைமறைவு.

மலைக்குப் போனேன். எண்ணினேன். எல்லாம் பனி மூடிக் கிடந்ததால் எது விளிம்பு எது தரை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. காற்று வேறு. அதைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். உயிரோடு இருக்கிறீர்கள், அது போதாதா?

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ருவரி


இன்வர்டோரன்
4 மார்ச்

அன்புத் தம்பி லாக்லனுக்கு,

எஃபி அக்கா எழுதுவது. நீ ஊன்றுகோலில் நிற்கிறாய் என்று கேள்விப்பட்டு மனசு குளிர்ந்தது. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். வலது பக்கத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன், விரல் இல்லாத இடம் குளிராது.

இந்தப் பையனுக்கு ஏதாவது கோபமாக எழுதினாயா? மலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜனவரி நாலாம் தேதி ஒரு தடவை போய்வந்தான், அதோடு சரி. பூட்ஸ் பரணில் கிடக்கிறது. பத்திரிகைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். ஒரு நாள் பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. கேட்டால், "போசன் தின்னுட்டான்" என்கிறான். சட்டத்தையுமா?

போன வாரம் மூக்கில் ரத்தத்தோடு வந்தான். தச்சர் மகன் உன்னைக் "குடிகாரத் தலைவர்" என்றானாம். இவன் பாய்ந்திருக்கிறான். "மாமாவுக்காகத்தானே அடிச்ச, அதுக்கு ஏண்டா அழுற?" என்று கேட்டேன். "அம்மா, தயவுசெஞ்சு என்னப் பாராட்டாத" என்று கத்திவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். வாயாடிப் பயல் வீட்டில் வாயே திறப்பதில்லை. நீ ஒரு வரி எழுது. உன் பேச்சைக் கேட்பான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


இன்வர்னஸ்
12 மார்ச்

அன்புள்ள ருவரி,

அக்கா அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொண்டு வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். நாற்பத்தோரு அடி. திரும்பி வரும்போது நாற்பத்து மூன்று. பார்த்தாயா? சுவர் அதே சுவர், ஆள் அதே ஆள்.

உன் மூக்கு எப்படி இருக்கிறது? எனக்காக யாரோடும் சண்டை போடாதே. அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். குடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சரியாக எண்ணினேன் என்றும்தானே நினைத்தேன்? படுத்தபடியே அந்த நடையைத் தினமும் நடந்து பார்க்கிறேன். ஒரு நாள் மேற்கே போகிறேன், ஒரு நாள் வடமேற்கே போகிறேன். இப்போது எதை நிஜமாக நடந்தேன் என்றே தெரியவில்லை. மலையில் விழுந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. என் தலைக்குள் இருந்த ஒன்று விழுந்துவிட்டது, அதற்குத்தான் வெட்கம்.

நான் ஒரு திசையைக் காட்டினால் ஒன்பது பேர் கேள்வி கேட்காமல் என் பின்னால் புயலில் நடப்பார்கள். ஒன்பது பேருக்கும் வீடு இருக்கிறது. எண்ணத் தெரியாதவன் பின்னால் அவர்கள் வரக்கூடாது.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். குழுவின் தலைவர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதம். இருபத்தேழாம் தேதிக் கூட்டத்துக்கு முன்னால் கில்லீஸ் கையில் கொடுத்துவிடு. தபாலில் அனுப்பினால் தபால்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். உன் முகம் என்றால் எனக்குப் பரவாயில்லை.

சான்றிதழ் வாங்கும்போது தொப்பியை நேராகப் போட்டுக்கொள்.

மாமா


இன்வர்டோரன்
15 மார்ச்

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. உறையும் கிடைத்தது. போசன் நலம்.

ருவரி


இன்வர்னஸ்
22 மார்ச்

டேய்,

போசன் நலம், சரி. நீ?

உன் வாழ்நாளில் இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதினாலே மூன்று பக்கம் எழுதி, இல்லாத பெரியப்பாவைச் சாகடிக்கிறவன் நீ. உறையைக் கொடுத்துவிட்டாயா? சங்கடமாக இருந்தால் பேச வேண்டாம், மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடு. என்மேல் வருத்தப்படாதே. கிழடாவதற்கு முப்பத்தொன்பது வயது கொஞ்சம் சீக்கிரம்தான், என்ன செய்வது.

மாமா


இன்வர்டோரன்
28 மார்ச், ஞாயிறு

அன்புள்ள மாமா,

கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அம்மா உடம்பு நன்றாக இருக்கிறது, என்னோடுதான் பேசுவதில்லை. நேற்றிலிருந்து தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். காரணம் கீழே.

உங்கள் உறையைக் கில்லீஸிடம் கொடுக்கவில்லை. பிரிக்காமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போடுங்கள்.

நேற்றுக் கூட்டத்தில் என் பேரைக் கூப்பிட்டார்கள். வாத்தியார் சான்றிதழை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன். கைதட்டினார்கள். வேடிக்கையாக ஏதோ செய்யப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அது என் தவறுதான், அப்படித்தான் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறேன்.

அங்கே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

டிசம்பர் முப்பதாம் தேதி நான் பென் லியாவுக்குப் போனேன். வடக்குத் தோளில், உச்சிக்கு நூற்றைம்பது அடி முன்னால், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கற்குவியல் கட்டினேன். மூன்று மணி நேரம் கல் சுமந்தேன். பழையது மாதிரித் தெரிய வேண்டும் என்று பாசி பிடித்த கல்லாகப் பொறுக்கினேன். புத்தாண்டு அன்றைக்கு மூடுபனியில் நீங்கள் அதை உச்சி என்று நினைத்துக் கரியை வைப்பீர்கள். பின்னாலேயே நான் போய் நிஜ உச்சியில் என் கரியை வைப்பேன். சாயங்காலம் ஊர்க்கூடத்தில் எழுந்து நின்று அறிவிப்பேன். ஆறு வருஷமாக ஜெயித்தவர் முகம் எப்படிப் போகும் என்று கண்ணாடி முன்னால் நின்று நடித்துக்கூடப் பார்த்தேன்.

புத்தாண்டு அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு நீங்கள் என் ஜன்னலைத் தட்டினீர்கள். "என்னடா, வரியா இல்லியா? வந்தா ஒண்ணாப் போவோம், கரியை ஓடிப்போய் வைக்கிறவன் ஜெயிச்சான்." நான் போர்வைக்குள் சிரித்துக்கொண்டே, "வயித்த வலி மாமா" என்றேன். அப்போது காற்றுகூட இல்லை. எட்டு மணிக்கு ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. அப்போதே ஓடிப்போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மாமா பாதியில் திரும்பிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கஞ்சி குடித்தேன். மறுநாள் விடிகிறவரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலை மூக்கு என்று ஒன்றும் இல்லை. உச்சியிலிருந்து மேற்கே நடந்தால் முகடு வரும். என் கற்குவியலிலிருந்து மேற்கே நடந்தால் கரும்பள்ளம். சமையல் மேசைமேல் வரைபடத்தை விரித்து ஒரு கோடு போட்டேன், கோடு பள்ளத்தில் போய் முடிந்தது. அதைத்தான் பத்திரிகை மூக்கு என்று எழுதியது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நாலாம் தேதி மேலே போய், கட்டியதை உதைத்துக் கலைத்தேன். உங்கள் சிவப்பு நூல் கரியை எடுத்துக்கொண்டுபோய் நிஜக் குவியலின் மேல் வைத்தேன். உங்கள் வெற்றி உங்களுக்கே இருக்கட்டும் என்று நான் செய்த தர்மம் என்று நினைத்துக்கொண்டேன். நிஜத்தில் அது என் தலை தப்ப. அந்தக் கரியை வைத்துத்தான் ஊர் உங்களைக் குடிகாரன் ஆக்கியது. மார்ச் முதல் தேதி எழுதியதும் பொய். நான் போகவும் இல்லை, எண்ணவும் இல்லை.

நேற்றுக் காலை, கூட்டத்துக்கு முன்னால் போனேன். பனி கரைந்து என் கல்லெல்லாம் சிதறிக் கிடந்தது. அங்கிருந்து நேர் மேற்கே எண்ணினேன். விளிம்புக்கு எனக்கு நூற்றுப் பத்தொன்பது அடி. உங்கள் அடி என் அடியைவிட நீளம். உங்களுக்கு நூற்றுப் பன்னிரண்டுதான் வரும். நீங்கள் ஒரு அடிகூடத் தப்பாக எண்ணவில்லை மாமா. ஒரு பாகைகூடத் திரும்பவில்லை.

கூடத்தில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கில்லீஸ்தான் கேட்டார்: "இத எப்பச் சொல்றதா இருந்த?"

"சொல்லவே வேண்டாம்னு இருந்தேன் சார்."

"நாங்க அவனப் போய்ப் பாத்து, குடிச்சியாடான்னு கேட்டுட்டு வந்தோம். நீ போட்டோவுக்கு நின்ன."

வாத்தியார் சான்றிதழை உறைக்குள் திருப்பிப் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையின் பட்டையைக் கட்டினார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் எழுந்தார்கள். தலைவர் நாற்காலி நீங்கள் வருகிறவரைக்கும் காலியாகவே இருக்கும் என்று முடிவு. கில்லீஸ் உங்களைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை வருகிறார். அவரும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

நான் குழுவில் இல்லை. கேட்கவும் இல்லை. உங்கள் இரண்டு விரலுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

கூடத்தில் சொல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது. இது உங்களுக்கு மட்டும். கரும்பள்ளத்தில் உங்களைத் தோண்டி எடுத்தபோது நீங்கள் கண்ணைத் திறந்து, "ருவரி, நீயாடா" என்றீர்கள். நான் ஓவென்று அழுதேன். பையன் மாமாமேல் வைத்திருக்கிற பாசத்தைப் பார் என்று அத்தனை பேரும் என் முதுகைத் தட்டினார்கள். நானும் தட்டவிட்டேன். உங்கள் கண் திறந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, மாமா பிழைத்துவிட்டார் என்பது இல்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்குமோ என்பதுதான்.

ருவரி